ஒரு படி அரிசி, ஒரு கிலோ வெல்லம்

மச்சான்,

இன்று காலை திண்டிவனத்துக் கடையொன்றில் வெல்லப் பாக்கெட்டை எடுத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, "எடை ஒரு கிலோ" என்று நானே படித்துவிட்டேன். எழுபதுக்கு மேல் எழுத்துக் கற்றவனுக்கு அது சின்னக் காரியமா?

"பெருசு, வாங்கறியா, படிச்சிக்கினே நிக்கிறியா?" என்றான் கடைக்காரன்.

"ரெண்டுந்தான்" என்றேன்.

வீட்டில் பாக்கெட்டைப் பிரித்ததும் வந்த வாசனையில் நீ எதிரே வந்து நின்றாய். நெற்றியில் ரத்தம்.

அது என் மகள் கல்யாணத்தில் வழிந்த ரத்தம். ஊர் ஊராய்க் கல்யாணச் சமையல் செய்த நாம் இருவரில், அன்று அடுப்படி முழுக்க உன்னுடையது. சீர் அதிரசத்தை மாப்பிள்ளை வீட்டு அரிசியில்தான் சுடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நீ அஞ்சு படி கேட்டாய். மாப்பிள்ளையின் தாய்மாமன், படி என்றால் கிலோ என்று நினைத்து, அஞ்சு கிலோ வாங்கி ஊறவைத்து, இடித்து, மாவாகவே முன்கூட்டிக் கொடுத்தனுப்பினார். ஒரு படி அரிசி ஒன்றரைக் கிலோ நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. இடித்த மாவு பொங்கிக் கிடந்ததால் நம் கண்ணுக்கும் பிடிபடவில்லை. படிக்கு ஒரு கிலோ என்று நீ அஞ்சு கிலோ வெல்லத்தைப் பாகு காய்ச்சிக் கிளறிவிட்டாய்.

கல்யாணத்தன்று காலை, முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் தூளாகச் சிதறியது. அடுத்ததும் அப்படியே. சீர் அதிரசம் சிதறினால் குடும்பம் சிதறும் என்று பயப்படுகிற சனம். மாப்பிள்ளையின் அம்மா சட்டியை எட்டிப் பார்த்தார்.

"புட்டுக்கினு பூட்டுதே! இந்தப் பொண்ணு வாணாம். எல்லாரும் எழுந்திரிங்க."

"வெல்லத்த வாரிக் கொட்டிட்டியாடா?" என்று தாய்மாமன் உன்மேல் பாய்ந்தார்.

"நீ எவ்ளோய்யா அரிசி குடுத்த?"

"கேட்டது அஞ்சு படி. அஞ்சு கிலோ குடுத்தேன்."

"ஒரு படி பொரியும் ஒரு கிலோ, ஒரு படி உப்பும் ஒரு கிலோவா? உனுக்கு இருக்கறது மண்டையா, சொரக்குடுக்கையா?"

அவர் உன்னை அறைந்தார். நீ படியாலேயே அவர் மண்டையில் போட்டாய். அவர் கரண்டியால் உன் நெற்றியைக் கிழித்தார். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாம்பார் அண்டா கவிழ்ந்தது. வாழைத்தார் பறந்தது. மாப்பிள்ளை வீட்டான் என்று நினைத்து ஒருவன் காதைக் கடித்தேன். அவன் என் சித்தப்பா மகன்.

பாதி பின்னிய சடையோடு என் மகள் உள்ளே வந்தாள். காலில் இடறிய படியை எட்டி உதைத்தாள். புட்டுக்கு வைத்திருந்த பச்சரிசி மாவை இரண்டு கையாலும் வாரிப் பாகு மாவில் கொட்டிப் பிசைந்தாள்.

"அத்த, இது புட்டுக்கினா நானே போயிடறேன். நின்னுச்சின்னா நீங்க அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

தட்டிப் போட்டாள். நீ மாமனின் சட்டையையும் அவர் உன் கழுத்தையும் பிடித்தபடியே சட்டியைப் பார்த்தீர்கள். அதிரசம் அடியில் போய், நுரைத்து, முழுசாக மேலே வந்தது.



"திருப்பிப் போடுடி, கருவுது" என்றார் மாமியார்.

அப்புறந்தான் மாமன் உன் கழுத்தை விட்டார். தையல் போட இருவரும் ஒரே ஆட்டோவில் போனீர்கள். ஒரு படி பருப்பு எத்தனை கிலோ என்று வழியெல்லாம் சண்டையாம்.

போன மாதம் நீ போய்ச் சேர்ந்தாய். அரைக் கிலோ அரிசியோடு வந்து, "வாய்க்கரிசிக்கு இது போதுமா?" என்று கேட்டான் உன் தம்பி மகன். அந்த மாமன் அவன் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"இந்த ஆளுக்குப் போயி கிலோவுல போடுவியாடா? படியில அளந்து எடுத்துக்கினு வா, ஜல்தி!"

சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். உன் கால்மாட்டில் அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, மச்சான். இதை எழுதும்போதும் உடம்பு குலுங்குகிறது. எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது.