ஆசை, தோது, காப்பு

செப்டம்பர் 4, வியாழன்

இன்று ஒரு பையனின் அப்பாவுக்கு என்மேல் கோபம். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. கேட்பதோ, நூறு பேர் மனுப் போட்டால் ஐந்து பேரை எடுக்கும் கல்லூரி. பள்ளியின் கல்லூரி ஆலோசகன் என்ற முறையில் வழக்கம்போல் மூன்று வார்த்தையில் பிரித்துக் கொடுத்தேன். ஆசை: போட்டுப் பார்க்கலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம். தோது: பொருந்துகிறது, பாதிக்குப் பாதி. காப்பு: கட்டாயம் கிடைக்கும், தெருவில் நிற்க வேண்டாம்.

அவர் கேட்டதை ஆசையில் போட்டேன். "இதுக்காகத்தான் சார் வயலினே கத்துக்கிட்டான்" என்றார். அங்கே மனுப் போடுகிற எல்லோரும் வயலின் வாசிக்கிறார்கள் என்றேன். பையன் சிரித்துவிட்டான். பாவம், அவனுக்குத்தான் நிம்மதி.

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கசாயம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மகள் பேசினாள். அவளும் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. நானும் அவள் அம்மாவும் பிரிந்த பிறகு அவர்கள் இருப்பது ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில். ஞாயிறுதோறும் பேசுவாள். மழை, பரீட்சை, சாப்பாடு. அதற்குமேல் இருவருக்கும் ஓடாது. இன்று, "எல்லாருக்கும் பார்த்துச் சொல்றீங்கல்ல, எனக்கும் பாருங்களேன்ப்பா" என்றாள்.

கேட்க இத்தனை நாளா?

செப்டம்பர் 10, புதன்

மகள் அனுப்பிய மதிப்பெண்களை ஊரார் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். உயிரியல் பிரமாதம். கணக்கு பத்தாம் வகுப்பில் சறுக்கி, பதினொன்றில் ஏறியிருக்கிறது. ஏறுமுகம் நல்லது, தேர்வுக் குழு அதைக் கவனிக்கும். இரண்டு கோடை விடுமுறையும் கால்நடை மருத்துவரிடம் கூண்டு கழுவியிருக்கிறாள். வயலினைவிட இது எடை அதிகம்.

கூண்டு கழுவினாளா? என் மகள் நாய்க்குப் பயப்படுவாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு ஏற்றதாக இரண்டு கல்லூரிகளை எடுத்துப் பார்த்தேன். மலைக் கல்லூரி: ஆசை. சந்தேகமில்லை. ஆற்றங்கரைக் கல்லூரி இங்கே, என் பள்ளியிலிருந்து நடக்கிற தூரம். எப்படிப் பார்த்தாலும் தோது என்றே வருகிறது. என் ஏக்கம் கணக்கில் கலந்துவிட்டதோ என்று பெயரை மறைத்துக் கணக்கு ஆசிரியரிடம் காட்டினேன். "தோதுதான். யாருப்பா இந்தப் பொண்ணு? கெட்டிக்காரியா இருக்கா" என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் குரல் காட்டிக் கொடுத்திருக்கும்.

நாலு வருஷம். மாலையில் வந்து போகலாம். துணி துவைக்கக் கொண்டு வரலாம். சண்டைகூடப் போடலாம். சே, இன்னும் மனுவே போடவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

முடிவு செய்துகொண்டுதான் பேசினேன்: ஆற்றங்கரைக் கல்லூரி என்று வரும்போது ஒரு சொட்டு ஆர்வம் காட்டக் கூடாது. அவள் வாழ்க்கை. அப்பன் இழுத்தான் என்று நாளை பேச்சு வரக் கூடாது.

"முதல்ல நீ சொல்லு, மனசுல எது இருக்கு?" என்றேன்.

"உங்க ஊர் காலேஜ்தான். அது எனக்கு ஆசைப்பா."

தன்னை இவ்வளவு குறைத்தா மதிப்பது? "அதை ஆசையில வைக்காதம்மா" என்று சட்டென்று திருத்தினேன். "மத்ததைப் பேசுவோம்" என்று அதே மூச்சில் தாண்டியும் விட்டேன். குரல் பிசகவில்லை.

"சரிப்பா" என்றாள். மற்றவற்றை அவள் பள்ளியிலேயே பார்த்துக்கொள்வார்களாம். அப்புறம் மழை பற்றிக் கேட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

மனு எந்த மட்டில் என்று கேட்டேன். "போயிட்டிருக்குப்பா." களைப்பாக இருக்கும்.

டிசம்பர் 11, வியாழன்

ஆற்றங்கரைக் கல்லூரி வழியாக வீட்டுக்கு நடந்தேன். சுற்று வழிதான். விடுதி வாசலில் ஒரு பெண் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நின்று பார்த்தேன். காவலாளி என்னைப் பார்த்தார். கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

மகளின் அம்மா கூப்பிட்டாள். அவள் கூப்பிடுவதே அபூர்வம்.

"அங்க வர வேண்டாம்னு சொன்னீங்களாமே. ரெண்டு நாள் அழுதா. அந்த காலேஜுக்கு மனுவே போடல. உங்ககிட்டப் போய் இருந்து படின்னு நானே சொன்னேன், நானே."

நான் எப்போது சொன்னேன்?

"அதுல ஆசை வைக்காதேன்னு சொன்னீங்களாம்."

முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. ஐயோ, அது என் வேலையில சொல்ற வார்த்தைடி, கிடைக்காததுக்குச் சொல்றது, உனக்கு அது கிடைக்கும்னுதானே சொல்ல வந்தேன்... பழைய 'டி' தானாக வந்துவிட்டது. அவள் கண்டுகொள்ளவில்லை.

மனுவுக்குக் கடைசி நாள் போய்விட்டது. பிந்திய பிள்ளைகளுக்காக அந்த அலுவலகத்தில் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். ஒரு தடவையும் கதவு திறந்ததில்லை.

எனக்கு ஆசைப்பா என்று அவள் சொன்னாள். அதைப் போய்த் திருத்தினேனே. மடையன். மடையன்.

ஜனவரி 5, திங்கள்

ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. நானே கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். "நீ இங்க வரணும்னு எனக்கு அவ்வளவு இருந்துச்சும்மா. அது தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் அவசரமாப் பேசினேன்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 27, வெள்ளி

மலைக் கல்லூரி கிடைத்துவிட்டது. "உங்க கணக்கு தப்பிடுச்சுப்பா" என்று சிரித்தாள். கசாயத்துக்கு வேண்டியதுதான். கூண்டு கழுவியதைத்தான் கட்டுரையாக எழுதினாளாம். பெருமையாக இருக்கிறது, பொய்யில்லை. கணக்கு ஆசிரியரிடம், அது என் மகள் என்று சொல்லிவிட்டேன்.

மலைக் கல்லூரி இங்கிருந்து இரண்டு ராத்திரி. வீட்டுக்கு வந்து வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மே 31, ஞாயிறு

கல்லூரி திறக்குமுன் ஒரு வாரம் இங்கே வந்து இருக்கிறேன் என்கிறாள். ஒரு வாரம்.

ஜூன் 14, ஞாயிறு

நேற்று சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் செல்போனில் ஊருக்குத் திரும்ப ரயில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இஷ்டம், நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்று வாயை மூடிக்கொள்ளத்தான் போனேன்.

"இன்னும் ஒரு வாரம் இரும்மா" என்றேன். "நீ இருந்தா நல்லாருக்கு."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மூணு நாளா பார்த்துட்டே இருக்கேன், இன்னும் டிக்கெட் எடுக்கலப்பா. நீங்க கேப்பீங்கன்னுதான்" என்றாள்.

காலை மணி பத்தாகப் போகிறது. கூடத்தில் இன்னும் தூங்குகிறாள். பாத்திரத்தைப் பிறகு கழுவிக்கொள்ளலாம், சத்தம் கேட்கும்.