நான்காவது பெயர்

அன்புள்ள பறவைக்காரிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. தாள் நனைந்து காய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு பறவை தன் பங்குக்குக் கையெழுத்தும் போட்டிருந்தது. இங்கே நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். நம் மகளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, அதற்காக நாள் பூராவும் சிரித்துக்கொண்டே திரிகிறாள். உன் தம்பி சமைக்கிறான், நாங்கள் சாப்பிடுகிறோம். இதில் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்னும் ஆறு மாதம், அடுத்த முறை குஞ்சு பொரிக்கும் காலம் முடியும் வரை தீவிலேயே இருந்து கணக்கெடுப்பை முடித்தால் கட்டுரையை நீயே எழுதலாம், முதல் பெயர் உன்னுடையது என்று உன் குழுத் தலைவர் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் அவரே எழுதிக்கொள்வார், போன தடவை மாதிரியே உன் பெயர் நான்காவதாக வரும். நாலாவதே போதும், அடுத்த படகில் கிளம்பி வந்துவிடுகிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, மறைப்பானேன். உன் தம்பி குதித்தே விட்டான், அவனுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை. ஆனால் என் சந்தோஷம் வெள்ளிக்கிழமை வரைதான் நின்றது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நீ கொஞ்சம் ஆபீஸ் கதை கேட்டாக வேண்டும்.

எங்கள் ஆய்விதழுக்கென்று தனியாக ஒரு மேற்கோள் பாணி வேண்டும் என்று ஆசிரியர் ஒற்றைக்காலில் நின்றது உனக்குத் தெரியும். எந்தெந்தப் பழைய கட்டுரைகளைப் பயன்படுத்தினோம் என்று சொல்ல, கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலை ஆளுக்கு ஒரு விதமாக எழுதி அனுப்புகிறார்கள். ஒருவர் ஆண்டை முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார், இன்னொருவர் ஆண்டையே மறந்துவிடுவார். அத்தனையையும் ஒரே மாதிரி ஆக்குவதற்குள் என் கண் பூத்துப்போகிறது. அதற்காகத்தான் இப்போது நான் ஒரு கோப்பு எழுதுகிறேன். கட்டுரை எழுதுபவர் அதைத் தன் கணினியில் ஏற்றிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பட்டியல் முழுவதும் எங்கள் முறைப்படி தானாக வரிசையில் நிற்கும்.

சொல்வது சுலபம். காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே, இதழின் பெயர் சாய்ந்திருக்க வேண்டுமா நிமிர்ந்திருக்க வேண்டுமா என்று கணினிக்கு ஒவ்வொன்றாகப் பாடம் எடுக்க வேண்டும். ஓர் இடத்தில் திறந்த குறியை மூட மறந்தால் மொத்தமும் படுத்துவிடும். மூன்று நாள் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அப்புறம் வழிக்கு வந்து, நான் சொன்ன இடத்தில் நிற்கிறது. வீட்டில் அந்த மரியாதை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பெரிய சண்டை காற்புள்ளிக்கு வரவில்லை, பெயருக்குத்தான் வந்தது. ஒரு கட்டுரையை ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதுகிற காலம் இது. பட்டியலில் எத்தனை பெயர் போடுவது? ஆசிரியர் எடுத்த எடுப்பிலேயே, "மொத பேரு போதும்யா, மிச்சத்துக்கு 'மற்றும் பிறர்'னு போட்டுடு, பக்கம் மிச்சமாகும்" என்றார். எங்கள் ஆசிரியர் குழுவில் இருக்கும் மண்ணியல் பேராசிரியர் தலையாட்டினார். அவரைத்தான் நாங்கள் பாறை என்போம், ஒரு முடிவுக்கு வந்தால் அசைய மாட்டார். நூலகர் அம்மா மட்டும், "உழைச்சவங்க எல்லார் பேரும் இருக்கணும் சார்" என்று தனியாகப் போராடினார்.

நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. என் மனைவி நான்காவது பெயர், அதனால் இதில் நான் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சேற்றில் முழங்கால் வரை இறங்கி ஒவ்வொரு கூடாக எண்ணியது நீ. அந்தக் கட்டுரையை உலகம் 'மற்றும் பிறர்' என்று படிக்கும்படியான கோப்பை எழுதப் போவது நான். வேடிக்கையாக இல்லை?

மாதிரிப் பட்டியல் ஒன்றைப் பார்த்து வெள்ளிக்கிழமை முடிவெடுப்பதாகப் பேச்சு. எங்கள் ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பழைய கட்டுரைகளையும் சேர்த்து நாற்பது பதிவுகள் எடுத்தேன். எத்தனை பெயர் காட்ட வேண்டும் என்ற இடத்தில் ஒன்று என்று அடிக்க வேண்டும். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்ட அவசரத்தில் பூஜ்யம் என்று அடித்துத் தொலைத்தேன். அச்செடுத்த பிறகாவது நான் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். அதையும் செய்யாமல் அப்படியே எல்லோர் மேசையிலும் வைத்துவிட்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் தாளைப் புரட்டினார்கள். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "யாருய்யா இந்தப் பிறர்? நாப்பது கட்டுரையையும் இவரே எழுதியிருக்காரே!" என்றார். நாற்பது வரியும் 'மற்றும் பிறர்' என்று தொடங்கியது. ஒருவர் பெயர்கூட இல்லை. நூலகர் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாறை சிரிக்கவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி ஓரிடத்தில் நிறுத்தினார். "இது என்னோடது. ஒன்றரை வருஷம் மலையில கெடந்து எழுதினது. என் பேரு எங்க?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினேன். பூஜ்யத்தை ஒன்றாக்கி, புதிதாக அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். இப்போதும் அவர் பெயர் அதில் இல்லை. அந்தக் கட்டுரையில் அவர் இரண்டாவது பெயர். முதல் பெயர் எங்கள் ஆசிரியருடையது.

ஆசிரியர் அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "மலையில ஏறினது பூராவும் நீதான்யா. எனக்கு மூச்சு வாங்குதுன்னு நான் கீழயே உக்காந்துட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாப் பேரையும் போடு. பக்கம் போனா போகட்டும்" என்றார். கூட்டம் அத்தோடு முடிந்தது. ஒரு தப்பான எண்ணால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நன்மை இதுதான்.

மாடிப்படியில் பாறை என்னை நிறுத்தினார். உன்னைப் பற்றி விசாரித்தார். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு நான் கேட்டிருந்தா மொத பேரை அவர் எனக்குக் குடுத்திருப்பார். வீட்டுக்குப் போனாப் போதும்னு இருந்துச்சு, கேக்காம விட்டுட்டேன். இருபத்திரண்டு வருஷமா அந்தக் கட்டுரையை நான் திறந்துகூடப் பார்த்ததில்ல" என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

நான் செய்த கோப்பு இனி எல்லோர் பெயரையும் காட்டும். ஆனால் நான்காவதாக இருப்பதை முதலாவதாக மாற்ற அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உன் தலைவரிடம் போய் நான் வாதாட முடியுமா? அங்கேயே இருந்து வேலையை முடித்து உன்னால்தான் அதை மாற்ற முடியும்.

உன்னை இப்போது வர வேண்டாம் என்று எழுதப் போவதை நேற்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். உன் தம்பி முகம் தொங்கிப்போய்விட்டது. இருந்தாலும், "அக்காவை இருந்து முடிச்சுட்டே வரச் சொல்லுங்க மாமா, நான் சமாளிச்சுக்கறேன்" என்றான். அதற்குள் இன்னும் இரண்டு குழம்பு கற்றுக்கொள்வானாம். எங்களை அந்தக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். மகள் மட்டும் தட்டைப் பார்த்தபடியே, ஆறு மாதம் என்றால் எத்தனை நாள் என்று கேட்டாள். சொன்னேன். சத்தமில்லாமல் கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்மா பேரு மொதல்ல வருமா? அப்ப சரி" என்றாள். அந்த 'சரி' எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கட்டிலில் உன் பாதியில் இப்போது புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேன், காலியாக இருந்தால் தூக்கம் வருவதில்லை. ஆனால் எங்களுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு வருஷம் கழித்து நீ ஒரு படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

நன்றாகச் சாப்பிடு. காலை ஈரத்தில் வைக்காதே. உன் கைபட்ட வேலையெல்லாம் உன் பெயரிலேயே நிலைக்கட்டும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற படகில்தான் நீ ஏறுவதாக இருக்கிறாய். தயவுசெய்து ஏறாதே.

இங்கேயே இருக்கிற,
உன் கணவன்