பன்னிரண்டு ஓட்டைச் சுவர்

அன்புள்ள மூத்த மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், கொல்லைச் சுவர் மட்டும் சுமார். நீ அங்கே ஆய்வுக்கூடத்தில் ஊர்ப்பட்ட மண்ணைச் சலித்தது போக மிச்ச நேரத்தில் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். என் வலது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருப்பதால் பேனா பிடிக்க வரவில்லை, அதனால் இவளிடம் சொன்னதைச் சொன்னபடி எழுது என்று உட்கார வைத்திருக்கிறேன். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். எழுதியதைச் சரிபார்க்க அப்பா கண்ணாடியைத் தேடுகிறார். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.) நாலு மாதமாக நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை, எனக்கு வேலை அதிகம். (ரோஷம் அதிகம்.) போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதோடு மண்ணைப் போனில் அனுப்ப முடியாது, அதனால்தான் கடிதம்.

போன தடவை வந்தபோது நீ வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து என் கையில் வைத்து அழுத்தச் சொன்னாய், கட்டைவிரல் பட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. "இது பாறைதாம்பா, வெயிலும் மழையும் வேரும் சேர்ந்து அரிச்சு அரிச்சு மண்ணாக்கிட்டு இருக்கு. அது பாட்டுக்கு மெதுவாத்தான் நடக்கும், ஆனா உள்ள தண்ணி தேங்கிச்சுன்னா மொத்தமா எறங்கி வந்துடும்" என்றாய். பாறை மண்ணாகிற வரைக்கும் நான் இருக்கப் போகிறேனா என்று சிரித்தேன். ஆனாலும் மேடு சரியாமல் இருக்கச் சுவர் எழுப்பும்போது நீ சொன்னபடி தண்ணீர் வடியப் பன்னிரண்டு குழாய் விட்டேன். சுவர் முடிந்த மறுவாரமே மழை. பன்னிரண்டு குழாயும் மண்தண்ணீரைக் கக்கி, நான் இரண்டு கோட்டிங் அடித்த வெள்ளைச் சுவர் மூக்கு ஒழுகுகிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. இருபத்தேழு வருஷமாகப் பூச்சு வேலை செய்கிறவன் நான். ஊரில் இருக்கிற ஓட்டையையெல்லாம் அடைத்தவனுக்குச் சொந்த வீட்டில் பன்னிரண்டு ஓட்டை என்றால் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் சிமெண்ட் வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, இருந்த இடமே தெரியாமல் செய்தேன். யாரோ அதை உன்னிடம் போட்டுக்கொடுத்தார்கள். (நான்தான்.) "நீங்க கட்டினது சுவர் இல்லப்பா, அணை" என்று நீ சொன்னது சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் மழை பிடித்தது, ஐந்து நாள் விடவே இல்லை. மேட்டின் மேலே இருக்கிற வேலிக்கம்பங்கள் கீழே என்ன சமையல் என்று எட்டிப் பார்ப்பது போலச் சாய்ந்தன. ஐந்தாம் நாள் காலை பாத்திரம் கழுவப் போன உன் அம்மா போன வேகத்தில் திரும்பி வந்து, சுவருக்கு வயிறு தள்ளியிருக்கிறது என்றாள். இவள் போய்ப் பார்த்துவிட்டு "எத்தனாவது மாசம்பா?" என்று என்னையே கேட்டாள். (அங்கே வேறு யாரும் இல்லை.) தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டுப் பார்த்தேன், நடுவில் மூன்று விரல் அகலம் முன்னால் வந்திருந்தது. சுவருக்கும் சமையலறைக்கும் ஆறடிதான். அம்மா வாயே திறக்காமல் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. (திட்டினாள். அப்பா அப்போது குளிக்கப் போயிருந்தார்.) சரி, அடைத்ததை உடைப்போம் என்று உளியை எடுத்தால், எங்கே அடைத்தேன் என்று எனக்கே பிடிபடவில்லை, அவ்வளவு நேர்த்தி. தட்டினேன், காது வைத்துக் கேட்டேன், தடவிப் பார்த்தேன். பெருமைப்படுவதா அழுவதா என்று புரியாமல் மழையில் நின்றேன். அப்போதுதான் இவள் போனை நீட்டினாள். அடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயையும் வாயாக வைத்துச் சுற்றிலும் கரியால் கண்ணும் மூக்கும் மீசையும் போட்டு, அதைப் படமும் எடுத்து வைத்திருக்கிறாள். பன்னிரண்டும் என் மூஞ்சி. (வாய் திறந்தபடி இருந்ததால் சாயல் சுலபமாக வந்துவிட்டது.) படத்தில் தெரிகிற துவைக்கிற கல்லிலிருந்து எத்தனை சாண் என்று கணக்குப் போட்டு உடைத்தேன். முதல் ஓட்டையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் கம்பியை விட்டுக் குடைந்ததும் கண், மூக்கு, வாய் எல்லாம் சேறு. (குடையும்போதும் எப்படிக் குடைய வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார், அதனால்தான் வாய்க்குள் போனது.) மாலைக்குள் பதினொன்றைத் திறந்துவிட்டேன், மணிக்கட்டு போனது அதில்தான்.

இரண்டு நாள் வடிந்தது. முதலில் கஷாயம் மாதிரி வந்தது, பிறகு டீ மாதிரி, இப்போது வெறும் தண்ணீர். காலையும் மாலையும் குண்டு போட்டுப் பார்க்கிறேன், மூன்று விரல் நாலாகவில்லை, ஆனால் இரண்டாகவும் இல்லை. இடித்துக் கட்டுவதா, முட்டுக்கொடுத்து விடுவதா, எனக்குத் தெரியவில்லை. (அக்கா, 'தெரியவில்லை' என்ற வார்த்தையை அப்பா வாயிலிருந்து நான் கேட்பது இதுதான் முதல் தடவை. பேனா நின்றுவிட்டது.) மேட்டின் மேலே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பியிருக்கிறேன். புதரையும் புல்லையும் வெட்டாதே, வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்று மேட்டின் மேலே குடியிருக்கிற டிரைவரிடம் சொன்னேன். (சொந்தமாகக் கண்டுபிடித்த மாதிரி சொன்னார்.) குழாய் வழியாக வந்த மண்ணைக் காயவைத்துப் பொட்டலம் கட்டி இதோடு அனுப்புகிறேன். தேய்த்தால் முதலில் வழவழ, பிறகு நறநற. பாறையாக இருந்தது இப்படி ஆக எத்தனை வருஷம் பிடித்திருக்கும் என்று பார்த்துச் சொல், இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்.

பன்னிரண்டாவது ஓட்டை வலது ஓரத்தில், சுவர் இடுப்பளவுக்கு இறங்குகிற இடத்தில் இருக்கிறது. அங்கே வயிறும் இல்லை, பயமும் இல்லை. அதை நான் உடைக்கவில்லை, இவளையும் தொட விடவில்லை. லீவு கிடைத்தால் வந்து நீயே உடை. நான் பூசியதில் வேறொருவர் உளி வைக்க இதுவரை விட்டதில்லை. உனக்கு நல்ல பசியும் நல்ல தூக்கமும் என்றும் இருக்கட்டும், எடுத்த காரியம் கைகூடட்டும். வரும் தேதியை மறக்காமல் முன்கூட்டியே எழுது, நீ பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அடுப்பு திரும்பச் சமையலறைக்குப் போகும் என்கிறாள் அம்மா. (வா என்று எழுதாதே, லீவு உண்டா என்று மட்டும் கேள் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு அவராகவேதான் இதையெல்லாம் சொன்னார். திரும்பப் படித்துக் காட்டினேன். எதையும் அடிக்கச் சொல்லவில்லை.)

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா