சோதித்தவர் பெயர்

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆவுனே கயானி ஊரில் கண் மருத்துவரின் அறையில். நான் பின்லாந்தின் இன்னொரு மூலையில், ஓவுலு நகரில், என் சமையலறை மேசையில். அவருக்குக் காது கேட்காது. மருத்துவர் பேசுவதை நான் திரையில் சைகையாகச் சொல்ல வேண்டும். “உங்கள் இடது கண்ணில்...” என்று மருத்துவர் ஆரம்பித்தார். நான் கையைத் தூக்கினேன். மடிக்கணினி அப்படியே உறைந்துவிட்டது. மவுஸ் அசையவில்லை, ஒரு விசையும் வேலை செய்யவில்லை. அணைத்து எழுப்பி மறுபடி உள்ளே போவதற்குள் சந்திப்பு முடிந்துவிட்டது. போன மாதம் கணினியின் மென்பொருளைப் புதுப்பித்ததிலிருந்து இது முதல் தடவையும் இல்லை.

பிப்ரவரி 5

அடுத்த முறை வேறு மொழிபெயர்ப்பாளரை அனுப்பச் சொல்லிவிட்டார் ஆவுனே. அறுவை சிகிச்சை செய்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்று மருத்துவர் பிறகு காகிதத்தில் எழுதிக் காட்டினாராம். அதுவரை ஆவுனே திரையில் நின்றுபோன என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கண் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் நான் தயங்குகிறேன் என்று நினைத்தாராம். கண்தானே அவருக்குக் காதும். என்ன பாவம் செய்தேன் நான்?

பிப்ரவரி 6

சம்ப்சாவை அழைத்தேன். வேறு யாரை அழைப்பேன்? ஒன்றாகப் படித்தவன், என்னை லினக்ஸ் இயங்குதளத்துக்கு இழுத்து வந்தவன், அதில் வைஃபை அட்டையை இயக்கும் டிரைவர் நிரல்கள் எழுதுவதையே பிழைப்பாக வைத்திருப்பவன். என் மடிக்கணினியில் இருக்கும் வைஃபை அட்டை பழசு, அபூர்வம். அதனால் புதிதாக எதை எழுதினாலும் என்னிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வான்.

“மெஷினுக்கு வயசாயிடுச்சு மர்யுத், தூக்கிப் போடு” என்றான். டிரைவரில் கோளாறு இருக்குமோ என்றேன்.

“அது நான் எழுதினது. உன் மெஷின் மாதிரியே ஒண்ணுல ஓட்டிப் பாத்துட்டுதான் லினக்ஸுக்குள்ள விட்டோம்.”

கேட்டதற்கே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிப்ரவரி 8, சனி

நினைவகத்தை மாற்றினேன், விசிறியில் தூசி தட்டினேன். உறைகிறது. கடைசியில் ஒரு நீளமான நீல கேபிள் வாங்கி, கூடத்து ரூட்டரிலிருந்து கம்பளத்துக்கு அடியில் இழுத்து வந்தேன். வைஃபை டிரைவரை நிறுத்திவிட்டு நாள் முழுக்க வேலை செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. டிரைவரை மறுபடி ஏற்றினேன். காப்பி ஆறுவதற்குள் உறைந்தது. ஆக, வயதாகவில்லை. வைஃபைதான்.

பிப்ரவரி 9

சம்ப்சாவிடம் இப்போது சொல்லப்போவதில்லை. எந்த மாற்றத்தில் கோளாறு வந்தது என்று நானே கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால் அசந்துபோவான். வழி அவனே கற்றுக்கொடுத்ததுதான். நன்றாக ஓடிய பழைய பதிப்பு ஒன்று, உறையும் புதுப் பதிப்பு ஒன்று. நடுவில் இருப்பதை எடுத்து ஓட்டு. உறைந்தால் கோளாறு பழைய பாதியில், உறையாவிட்டால் புதிய பாதியில். இப்படியே பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பதிப்பும் ஓட்டத் தயாராவதற்குள் பனிச்சறுக்கில் கடற்கரைவரை போய் வந்துவிடலாம்.

பிப்ரவரி 12

உறைந்தது. அதற்குச் சந்தோஷப்படுகிறேன், பைத்தியம்.

பிப்ரவரி 15

கிடைத்துவிட்டது. ஒரே ஒரு மாற்றம். பேட்டரியை மிச்சம் பிடிக்க அட்டையைத் தூங்க வைக்கிறது. அட்டை விழிக்கும்போது மொத்த கணினியும் நின்றுபோகிறது. எழுதியவர்: சம்ப்சா. சரி, தப்பு யாருக்கும் வரும். அதற்குக் கீழே —

சோதித்தவர்: மர்யுத் ஹியெதலா.

நான்.

போன நடுக்கோடை விழா வாரத்துத் தேதி. அந்த வாரம் ஏரிக்கரைக் குடிலில் இருந்தேன். மடிக்கணினி ஓவுலுவில் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. அது அவனுக்குத் தெரியும். அங்கே சவுனாவில், நீராவிக் குளியல் அறையில், அடுப்புக்கு விறகு போட்டதே அவன்தான்! சோதித்தவர் பெயர் இருந்தால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. என் மெஷின் மாதிரியே ஒன்றாம். என் மெஷினேதான், ஓட்டாத மெஷின்.

அடப்பாவி. கேட்டிருந்தா ஓட்டிப் பாத்துச் சொல்லியிருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா?

பிப்ரவரி 16, ஞாயிறு

சம்ப்சாவை வரச் சொன்னேன். கிரீம் பன் வாங்கி வந்தான், எனக்குப் பிடித்த ஜாம் வைத்தது. அதுவே எரிச்சலைக் கிளப்பியது. திரையைத் திருப்பிக் காட்டினேன். கிட்டே வந்து என் பெயர்வரை படித்தான்.

“மாத்தத்தை அனுப்ப அன்னிக்குதான் கடைசி நாள். சோதிச்சதா யாராவது ஒருத்தர் பேரு வேணும். நீ எப்பவும் சரின்னுதானே சொல்லுவ.”

“போன்ல கேட்டனே, அப்ப தெரியுமா தெரியாதா உனக்கு?”

காப்பியைக் கலக்கினான். அவன் சர்க்கரையே போட்டுக்கொள்வதில்லை.

“சந்தேகம் இருந்துச்சு.”

சந்தேகம் இருந்துச்சாம். இருந்தும் தூக்கிப் போடச் சொன்னான். ஆவுனேயைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று. அவர் கண் இப்போது எப்படி என்று கேட்டான், நிஜமான கவலையோடுதான். பிறகு, நிரல் எழுதுபவர்கள் எல்லோரும் படிக்கும் பொது மடலில் எழுதிவிடாதே, சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறேன், இது வெளியே வந்தால் இனி நான் எழுதும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள் என்று கெஞ்சினான். என் பெயரை மட்டும் நம்பலாமாக்கும்.

பிப்ரவரி 17

இருபது வருஷப் பழக்கம்டா.

பிப்ரவரி 24

திருத்தம் அனுப்பியிருக்கிறான். “ஓட்டிப் பார். சரியாக இருந்தால் உன் பெயரைப் போடலாமா?” இப்போது கேட்கத் தெரிகிறது. கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபையில் ஓட விட்டிருக்கிறேன்.

மார்ச் 3

ஒரு தடவைகூட உறையவில்லை. பொது மடலில் எழுதினேன்: கோடையில் வந்த மாற்றத்தை நான் சோதிக்கவில்லை, என்னைக் கேட்காமல் என் பெயர் போடப்பட்டது. இந்தத் திருத்தத்தைச் சோதித்தேன், வேலை செய்கிறது, என் பெயரைப் போடலாம். அதன் கீழே சம்ப்சாவின் பதில்: “அவர் சொல்வது உண்மை.” வேறு எதுவும் எழுதவில்லை. அவனுடைய பழைய மாற்றங்களையெல்லாம் மறுபடி சரிபார்க்கப்போகிறார்களாம்.

நடந்ததை ஆவுனேவுக்கும் எழுதிவிட்டேன்.

மார்ச் 20

மொழிபெயர்க்க ஆவுனே மறுபடி என்னையே கேட்டிருந்தார்! அறுவை முடிந்து முதல் பரிசோதனை. ஆரம்பிக்கும் முன், “இன்றைக்கும் சிலையாகிவிடுவீர்களா?” என்று சைகையில் கேட்டார். மறுபடி மாட்டியிருந்த நீல கேபிளைத் தூக்கி கேமராவுக்குக் காட்டினேன். சிரித்துவிட்டார். இடது கண் நன்றாகத் தெரிகிறதாம். மருத்துவர் சொன்னதைக் கடைசி வார்த்தைவரை சொல்லி முடித்தேன்.

சாயங்காலம் சம்ப்சா வந்தான், என்னிடம் இரவல் வாங்கிய பனிச்சறுக்குக் கட்டைகளைத் திருப்பித் தர. கூடத்தில் கேபிள் கால் தடுக்கிக் குனிந்து பார்த்தான்.

“இன்னும் எதுக்கு இந்த கேபிள்? வைஃபைதான் இப்ப நல்லா ஓடுதே?”

“ஓடுது” என்றேன்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். கேபிளைக் கழற்றவில்லை.