முளைக்காவல்

அப்பா,

இன்று காலை விதைப் பாக்கெட்டைப் பிரித்தேன். மருந்து தடவிய மக்காச்சோள விதையின் சிவப்புச் சாயம் விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. நீங்கள் இறந்த பிறகு நம் வயலில் விழும் முதல் விதை இது.

நான் ஒன்பதாவது படித்தபோதும் இதே வாடைதான். மண்ணை மேடாக இழுத்த பாரின் பக்கவாட்டில் சாணுக்கு ஒரு விதை என்று ஊன்றி முடித்த மாலை சொன்னீர்கள்: "முளை மேல வந்தா மயிலு புடுங்கிரும் ஆத்தா. நாலு எலை விடுற வரைக்கும் காவலுக்கு இரு. அப்பறம் பள்ளிக்கூடம் போயிக்க."

மயிலுக்கு முளை வேண்டாம். அதைப் பிடுங்கி அடியில் இருக்கும் விதையைத் தின்னும். தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு வரப்பில் நடந்தேன். நாலு இலை வந்தது, மயில் போய்விட்டது. நீங்கள் விடவில்லை. இரண்டு முளைத்த குழியில் மெலிந்ததைப் பிடுங்கச் சொன்னீர்கள். பிறகு களை. பிறகு உரம் வைத்து, காற்றில் சாயாமல் தூரில் மண் அணைப்பது. பிறகு குருத்துக்குள் புழு. ஒவ்வொரு குருத்தாகப் பார்த்து, புழு சாக மணல் போட்டேன். கதிரில் பட்டுநூல் தொங்கியபோது, "இப்பத் தண்ணி கொறஞ்சா மணி புடிக்காது" என்று மோட்டார் பக்கம் உட்கார வைத்தீர்கள். பால் பிடித்ததும் கிளி வந்தது. நான் பள்ளிக்கூடம் போகும் அன்னவாசல் பஸ் போவதைத் தினமும் வயலிலிருந்தே பார்த்தேன்.

கதிர் முற்றும் முன் வகுப்பு டீச்சர் வீட்டுக்கே வந்தார். பரீட்சைக்காவது அனுப்பச் சொன்னார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "நாங்களா டீச்சர் வேணாம்னோம்? அவதான் போமாட்டேங்குறா. நீங்களே கேளுங்க" என்றீர்கள்.

"அப்படியாம்மா?" என்று டீச்சர் என்னைப் பார்த்தார்.

வெளி ஆள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்லக்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கச் சொன்னீர்கள். நான் குனிந்து நின்றேன். டீச்சர் போனதும் அம்மாவிடம், "பாத்தியா, புள்ளைக்கே இஷ்டமில்ல" என்றீர்கள். அத்தோடு என் படிப்பு நின்றது. அந்த வருஷம் கதிர் நன்றாகத்தான் பிடித்தது.

இன்று மதியம் விதை ஊன்றி முடித்ததும் அம்மா தங்கையைக் காட்டி, "இந்த வாரம் இவ பள்ளிக்கூடம் போவேணாம். அங்கிட்டு ஒரு ஆளு, இங்கிட்டு ஒரு ஆளு நின்னாத்தான் மயிலு அண்டாது" என்றாள்.

தங்கை இப்போது ஒன்பதாவது. "நான் என்ன சோளக்கொல்லைப் பொம்மையா?" என்று முணுமுணுத்தாள்.

"அவ போகட்டும்மா. ரெண்டு பக்கமும் நானே ஓடிக்கிறேன்" என்றேன். அம்மா மறுத்தாள். மறுபடியும் சொன்னேன், சத்தமாக.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இந்த வாயை அன்னைக்கி எங்கடி வச்சிருந்த?" என்றாள்.

தங்கை நாளை போகிறாள். அம்மா என்னைக் கேட்டாள். நான் உங்களிடம் கேட்கிறேன். பேச வராத பிள்ளைக்கு அப்பாதானே பேச வேண்டும்? நீங்கள் பேசினீர்கள், நான் சொல்லாததை.

பயிருக்கு நீங்கள் சொன்னதெல்லாம் மறக்கவில்லை. எந்த இலை எதற்கு வெளுக்கும் என்றுகூடத் தெரியும். டீச்சர் முன்னால் நீங்கள் சிரித்த சிரிப்பும் கூடவே இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட என்னால் முடியவில்லை, அப்பா.