தள்ளி நட்ட பிளாக்ஸ்

ரயில்வேயில் ஜோலார்பேட்டைக்கு மாற்றலானதிலிருந்து நஞ்சப்பன் மாதத்துக்கு ஒரு முறைதான் மொரப்பூர் வீட்டுக்கு வருகிறார். இன்று சாயங்கால வண்டிக்கு வந்துவிடுவார். தன் தங்கையின் பிரசவத்துக்காக நல்லம்பள்ளிக்குக் கிளம்பிய அவர் மனைவி கோவிந்தம்மாள், காலண்டர் தாளைக் கிழித்துப் பென்சிலால் எழுதினாள்.

"களி சட்டியில இருக்குதுங்க. கொள்ளுக் குழம்பச் சுட வெச்சுக்கோங்க. போறப்ப சாவியப் பக்கத்து வூட்டு சாலம்மாகிட்ட குடுங்க. நீங்க பெங்களூர்லருந்து கொண்டாந்த பிளாக்ஸ் பூச்செடியெல்லாம் இடுப்பு உசரம் வளந்து பூத்துடுச்சு. தண்ணிய வேர்ல ஊத்துங்க, மேல ஊத்துனா எலையில மாவாட்டம் வெள்ளை புடிக்குது. நெருக்கி நட்டுட்டேன்னு மாசியில வந்தப்ப திட்டிப்புட்டு, எல்லாத்தையும் புடுங்கி ரெண்டடி தள்ளித் தள்ளி நட்டீங்க. ஜோலார்பேட்டையில நாம சேந்து இருக்க குவார்ட்டர்ஸ் கேட்டீங்களான்னு இனிமே கேக்க மாட்டேன்."

தாளின் மேல் சொம்பை வைத்துவிட்டு வாசல்வரை போனாள். திரும்பி வந்து, அடியில் மிஞ்சிய இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க. தள்ளித் தள்ளி இருந்தாத்தான் நல்லா வருது. நான் செடியச் சொல்றேன்."