ஐயருக்குக் கருவாடு

அக். 22, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். தெருவெல்லாம் தீபாவளி வெடித் தாள் நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்கணும்.

ஞாயிறு விளாங்குடி வேதக்கோயிலில் ஐயருக்கு நினைவு ஆராதனை. கண்மாய்க்கரை ஆட்களுக்குச் சொல்லிவிட்டு வரும் வேலை என் தலையில். பேசவும் பெயர் கொடுத்துவிட்டார்களாம். இரண்டு நிமிடம். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவனுக்கு மைக்.

பஸ் பிடித்து சமயநல்லூர். அங்கிருந்து நடை, ஒரே சகதி. கரையில் பிளாஸ்டிக், பழைய இரும்பு பொறுக்கி விற்கிற குடும்பங்கள். தார்ப்பாய்க் குடிசைகள். ரிட்டயர் ஆன பிறகு ஐயர் பாதி நாள் இங்கேதான் கிடந்தார். ஆதாருக்கு இவர்களோடு வரிசையில் நிற்பார். கண்ணாடி கிழித்த காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவார். மதியம் பாண்டியம்மா குடிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பாடு. அவர் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன். எனக்கும் தட்டு வைப்பாள். வயிறு சரியில்லை என்பேன். எப்போதும் அதேதான் சொல்வேன்.

விஷயத்தைச் சொன்னதும் பாண்டியம்மா கேட்டாள்: "நாங்களும் ஏதாச்சும் ஆக்கிட்டு வாரோம்ணே. நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. ஐயரு கேட்டு வாங்கிச் சாப்புடுவாருல்ல."

நாக்கு சும்மா இருக்கவில்லை. "அடிப்பாவி, ஐயருக்கா கருவாடு போட்ட?"

"ஏன்ணே?"

"பேர்லயே ஐயர்னு இருக்கே. பரம்பரைச் சைவம். வேதத்துக்கு வந்தாலும் வயிறு மாறுமா?"

"வேணாம்னு ஒருநாளும் சொல்லலையேண்ணே."

"ஒன் மனசு நோகக்கூடாதுன்னு கண்ண மூடிட்டு முழுங்கியிருப்பாரு, பாவம்."

எங்கள் சபையில் போதகர் என்றாலே ஐயர்தான், சாதியில்லை. அது அவளுக்குத் தெரியாது. வாயைத் திறந்தபடி நின்றாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

தைலம் மறந்துபோச்சு.

அக். 23, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

டீக்கடையில் கருவாட்டுக் கதையைச் சொன்னேன். மாஸ்டர் டீயை ஆற்ற முடியாமல் சிரித்தான். "பெருசு, ஒன் வாய்க்குப் பூட்டுத்தான் போடணும்." பின்னால் டீ குடிக்க வந்த பழனிக்குத் திரும்பவும் ஒருதரம் சொன்னேன். இரண்டாவது தரம் இன்னும் நன்றாக வந்தது.

தைலம் வாங்கினேன். சீனி, பூண்டு.

அக். 24, வெள்ளி

ஞாயிறு கோயில் வேன் வரும் நேரம் சொல்லக் கண்மாய்க்கரை போனேன். போயிருக்கவே கூடாது. இல்லை, போனதுதான் நல்லது. தெரியவில்லை.

பாண்டியம்மா குடிசைக்கு வெளியே சட்டி பானை எல்லாம் கவிழ்ந்து கிடந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறாள். அவள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புதன் ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை என்று அவள் புருசன் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம நாங்க வரலண்ணே," என்றாள், திரும்பாமல்.

"என்னத்தா ஆச்சு?"

"அவரு எதுல செத்தாரு?"

வயிற்றில் கட்டி. அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தவள்.

"சைவ வயிறு. நான் கருவாடும் மீனுமா ஊத்தி ஊத்தி அறுத்துட்டேன். எங்க வீட்டுல உக்காந்து சாப்ட்ட ஒரே மனுசன்ணே. அவரப் போய் நான் கொன்னுட்டேன்."

குடிசை வாசலில் உட்கார்ந்துவிட்டேன், சகதியிலேயே.

"வெளாட்டுக்குச் சொன்னேன் பாண்டியம்மா. ஐயர்னா எங்க கோயில்ல சாமியாரு மாதிரி. அம்புட்டுத்தான். அவரு ஆட்டுக்கறி, கோழி, எல்லாம் திம்பாரு."

"இப்ப சொல்றீகளே, இதுதான் வெளாட்டு. என் மனசு ஆறணும்னு சொல்றீக."

"சத்தியமா ஆத்தா."

"ரேசன்ல கோதுமைக்குப் பதிலா கேக்கு போடுறான்னு சத்தியம் பண்ணவருதான நீங்க?"

நான்தான். அன்றைக்கு இவள் பையை எடுத்துக்கொண்டு ரேசன் கடைக்குப் போய் நின்றாள். கடைக்காரன் திட்டி அனுப்பினான். அதற்கும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது டீக்கடைப் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு வந்தேன். மாஸ்டர் தூரத்திலிருந்தே "பெருசு, ஐயருக்குக் கருவாடு" என்று கத்தினான். காது கேட்காதவன் மாதிரி நடந்தேன்.



அக். 25, சனி

மேகம். மழை இல்லை.

ஐயரம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். வேறு யார் சொன்னாலும் பாண்டியம்மா நம்பமாட்டாள். புருசனை அடக்கம் பண்ணி ஒரு மாதம் ஆகாத அம்மாவிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொன்னேன். ஒன்றும் விடாமல். டீக்கடையில் சொல்லிச் சிரித்ததையும்.

ஐயரம்மா புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அவரு இருந்தா சிரிச்சிருப்பாரு செல்லையாண்ணே. எனக்குச் சிரிப்பு வரல," என்றார்.

திட்டியிருக்கலாம்.

அடுக்களைக்குள் போய் ஒரு டப்பா கொண்டுவந்தார். ஆட்டோ பிடித்துப் போனோம்.

பாண்டியம்மா எழுந்து உட்காரவே மாட்டேன் என்றாள். ஐயரம்மா அந்தத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், ஐயர் உட்காருகிற இடத்தில். டப்பாவைத் திறந்து அவள் மூக்குக்கு நேரே காட்டினார். நெத்திலிக் கருவாடு. குடிசை பூரா மணம்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு அவரே சந்தையில வாங்குனது. என் கொழம்பச் சாப்ட்டுட்டு, பாண்டியம்மா கைப்பக்குவம் ஒனக்கு வரலன்னு சொன்னாரு. எனக்கு எம்புட்டுக் கோவம் தெரியுமா?"

பாண்டியம்மா டப்பாவையே பார்த்தாள்.

"நெசமாவாம்மா?"

"வயித்துக் கட்டி அதுவா வந்தது. டாக்டரு சொன்னாரு. நான் பொய் சொல்லுவனா?"

அழுகை அப்போதுதான் வந்தது அவளுக்கு. ஐயரம்மாவும் அழுதார். நான் வெளியே கவிழ்ந்து கிடந்த சட்டிகளை நிமிர்த்தி வைத்தேன். வேறு என்ன செய்வது.



அக். 26, ஞாயிறு

காலையில் நல்ல மழை. வேன் தாமதம். வெள்ளைச் சட்டை இஸ்திரி போடாமலே போட்டுக்கொண்டேன்.

கண்மாய்க்கரை ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ஐயரம்மா எழுந்து போய்க் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தார்.

பெரியவர்கள் பேசினார்கள். அவர் படித்த படிப்பு, பார்த்த சபைகள், வாங்கிய பொன்னாடைகள். என் முறை. வேடிக்கையாக ஏதாவது சொல்வேன் என்று எல்லா முகமும் தயாராக இருந்தது.

"ஐயர் பாண்டியம்மா வீட்டுல தரையில உக்காந்து கருவாட்டுக் கொழம்பு சாப்புடுவாரு. நான் கூடப் போவேன். நான் சாப்ட்டதில்ல," என்றேன்.

சிரித்தார்கள்.

"இது கேலி இல்ல," என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். இறங்கிவிட்டேன்.

பந்தியில் கமிட்டி போட்ட வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி. பாண்டியம்மா தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுவந்திருந்தாள். முதலில் ஐயரம்மாவுக்கு ஊற்றினாள். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம். என்னைத் தாண்டிப் போனாள். தட்டை நீட்டினேன்.

"ஒங்களுக்குத்தான் வயிறு சரியில்லையேண்ணே."

"சரியாயிருச்சு."

ஊற்றினாள். பிசைந்து சாப்பிட்டேன். நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு பத்துதாண்ணே?"

"பத்துது."

என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஐயரம்மா பக்கம் திரும்பி, "பத்துதாம்மா?" என்றாள். ஐயரம்மா தலையாட்டிய பிறகுதான் அடுத்த தட்டுக்குப் போனாள்.